'நிதி திரட்டியது'ன்னு போடறப்போ நஷ்டத்தையும் சேர்த்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர் வணிகப் பக்கத்துல ஒரு ஏஐ ஸ்டார்ட்அப் பல கோடி நிதி திரட்டிடுச்சுன்னு பெருசா போட்டிருந்தீங்க, போட்டோவும் இருந்துச்சு, ஆனா அந்த கம்பெனி போன வருஷம் எவ்வளவுக்கு வித்துச்சு, எவ்வளவு நஷ்டம், அதோட பொருளை காசு கொடுத்து வாங்கறவங்க யாருன்னு ஒரு வரி கூட இல்ல. சின்ன குறைதானேன்னு தயவு செஞ்சு விட்டுடாதீங்க. எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல இந்த மாதிரி செய்திய போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்பி, பாருங்க பேப்பர்லயே வந்திருக்குன்னு சொல்லித்தான் ஜனங்க கிட்ட பணம் வாங்கறாங்க.

நான் காவேரிப்பட்டணத்துல கணக்கு எழுதற ஆளு. மாங்கூழ் ஃபேக்டரி, அரிசி மண்டி, ஓசூர் கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் பண்ணி தர்ற ஒர்க்‌ஷாப்புன்னு பல பேரோட ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் நான்தான் பார்க்கறேன், அதனால யாரு கைல எப்ப பணம் வருது, எங்க போகுதுன்னு ஓரளவு தெரியும். ஓசூர், சூளகிரி பக்கம் நிலம் வித்தவங்க கைல பணம் இருக்கு, பேங்க்ல போட்டா வட்டி பத்தலங்கறாங்க. மா விவசாயிங்க நிலைமை வேற, 2025 சீசன்ல பெங்களூரா ரக மாங்கா கிலோ 4 ரூபாய் 5 ரூபாய்னு விழுந்து, பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கூட கட்டாம காயை மரத்துலயே விட்டவங்க இருக்காங்க, அவங்க இனி மாந்தோப்பை நம்பி பிரயோஜனம் இல்ல, இருக்கறதை வேற எதுலயாவது போடலாம்னு பார்க்கறாங்க. இந்த ரெண்டு பேரையும் தேடித்தான் ஏஐ கம்பெனி பங்குன்னு வர்றாங்க.

ராயக்கோட்டை ரோட்டுல ஒரு கல்யாண மண்டபத்துல அப்படி ஒரு கூட்டம் போட்டாங்க. எனக்கு தெரிஞ்ச விவசாயி ஒருத்தர் "நீங்களும் வந்து ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க சார், அப்புறம் போடலாமா வேணாமான்னு முடிவு பண்றேன்"னு கூட்டிட்டு போனாரு. மேடைல பெரிய ஸ்கிரீன், கோட் போட்ட தம்பி ஒருத்தர் கருப்பு புள்ளி விழுந்த மா இலைய செல்போன்ல போட்டோ எடுத்து ஆப்ல போட்டாரு, ரெண்டு மூணு செகண்ட்ல இது என்ன நோய், என்ன மருந்து, எத்தனை மில்லி கலக்கணும்னு தமிழ்லயே வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, அதை குறை சொல்ல மாட்டேன். அடுத்தது இன்னிக்கு 2 லட்சம் போட்டா ஐபிஓ (கம்பெனி முதல் தடவையா பொதுமக்களுக்கு பங்கு விக்கறது) வர்றப்போ 20 லட்சம்னு ஒரு ஸ்லைடு. பணமா கொடுத்தாலும் வாங்கிக்கறோம்னு ஓரமா ஒரு டேபிள், அதுல ரசீது புக்கு. நான் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், தம்பி இப்ப ஒரு போட்டோ போட்டீங்களே அந்த ஒரு போட்டோவுக்கு உங்க கம்பெனிக்கு எத்தனை காசு செலவாச்சு, அதை யாரு கொடுக்கறாங்க. அவரு "சார், இது டெக்னாலஜி, ஆளுங்க சேர சேர செலவு தானா குறைஞ்சிடும்"னாரு. மேற்கொண்டு கேக்கறதுக்குள்ள மைக் வேற ஆள் கைக்கு போயிடுச்சு.

ஆளுங்க சேர சேர செலவு குறையும்ங்கறது பழைய சாஃப்ட்வேருக்கு சரி. கணக்கு எழுதற சாஃப்ட்வேர் ஒண்ணை ஒரு தடவை எழுதி முடிச்சா ஆயிரமாவது ஆளுக்கு விக்கறதுக்கு புதுசா செலவு ஒண்ணும் பெருசா இல்ல, வர்ற காசுல பெரும்பகுதி லாபம், அதை பார்த்துத்தான் இருபது முப்பது வருஷமா உலகம் பூரா சாஃப்ட்வேர் கம்பெனில பணம் போட்டாங்க. ஏஐ அப்படி கிடையாது. நம்ம கூழ் ஃபேக்டரில ஒவ்வொரு டிரம்முக்கும் பழம் வேணும், பாய்லர் எரியணும், அதே மாதிரி நீங்க கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல ஜிபியுங்கற கம்ப்யூட்டர் சிப்பு ஓடணும், அதுக்கு கரண்ட் வேணும், அதை குளுமையா வைக்கணும். ஆள் அதிகமானா வருமானம் மட்டுமில்ல, செலவும் கூடவே ஏறும். சாட்ஜிபிடிய செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பெனியோட தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜனவரில வெளிப்படையா எழுதினாரு, மாசம் 200 டாலர் வாங்கற ப்ரோ திட்டத்துலயே எங்களுக்கு நஷ்டம்தான், நாங்க எதிர்பார்த்ததை விட ஜனங்க ரொம்ப அதிகமா பயன்படுத்தறாங்கன்னு. 200 டாலர் வாங்கியே அவருக்கு கட்டலைன்னா மாசம் 99 ரூபாய்க்கு ஆப் தர்றேன்னு சொல்றவங்களுக்கு எப்படி கட்டும், அதை கேக்கணுமா வேணாமா?

அதுலயும் மண்டபத்துக்கு வர்ற கம்பெனிங்க பெரும்பாலும் சொந்தமா ஏஐ செஞ்சவங்க இல்ல. அமெரிக்காவுல இருக்கற பெரிய கம்பெனியோட ஏஐய ஏபிஐ (ஒரு ஆப்பை அவங்க கம்ப்யூட்டரோட இணைக்கற வழி) வழியா வாடகைக்கு எடுத்து, மேல தமிழ்ல ஒரு ஆப் போட்டு விக்கறாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா வாடகை எப்படி கணக்கு பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும். எழுத்தை டோக்கன்னு சின்ன சின்ன துண்டா உடைச்சு, எத்தனை டோக்கன் உள்ள போச்சு, எத்தனை வெளிய வந்துச்சுன்னு எண்ணி காசு வாங்கறாங்க. தமிழுக்கு ரொம்ப நாளா இதுல டோக்கன் அதிகமா ஆச்சு. 2024 மே மாசம் ஜிபிடி-4ஓங்கற புது மாடல் வந்தப்போ ஓப்பன்ஏஐ கொடுத்த உதாரணத்துலயே, பழைய முறைல 116 டோக்கன் புடிச்ச தமிழ் வாக்கியம் புது முறைல 35 டோக்கன்ல அடங்கிச்சுன்னு இருந்துச்சு. ஒரே ராத்திரில தமிழ் ஆப் நடத்தறவங்க செலவு மூணுல ஒரு பங்கு கிட்ட வந்திருக்கும், நல்ல விஷயம்தான். ஆனா அதே அமெரிக்க கம்பெனியாலதான் நாளைக்கு விலைய ஏத்தவும் முடியும், மாடலை நிறுத்தவும் முடியும், இந்த ஆப் செய்யற வேலைய தானே இலவசமா கொடுக்கவும் முடியும். நம்ம ஊர்க்காரர் போட்ட 2 லட்சத்தோட கதிய சான்பிரான்சிஸ்கோல எவரோ ஒருத்தர் முடிவு பண்ற நிலைமை.

இலவசம்னு சொன்னேன் இல்லையா, அது எப்பவோ வந்தாச்சு. 2025 ஜூலைல ஏர்டெல் சிம் வச்சிருக்கவங்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி ப்ரோங்கற ஏஐ ஒரு வருஷம் இலவசம்னாங்க, அக்டோபர் கடைசில ஜியோகாரங்க கூகுள் ஜெமினி ப்ரோவை 18 மாசத்துக்கு இலவசமா கொடுக்க ஆரம்பிச்சாங்க, நவம்பர் 4-ம் தேதில இருந்து மாசம் 399 ரூபாய் இருந்த சாட்ஜிபிடி கோ திட்டத்தை இந்தியாவுல ஒரு வருஷம் இலவசம்னாங்க. பாலக்கோட்டுல தக்காளி ஏத்தற பையன் போன்ல கூட உலகத்தோட பெரிய ஏஐ மூணு இலவசமா இருக்கலாம். அவன் மா இலையோ தக்காளி இலையோ போட்டோ எடுத்து அதுலயே கேக்கலாம், பதில் வரும், சரியா தப்பாங்கறது வேற விஷயம், இந்த ஆப்லயும் அதே சந்தேகம் உண்டு. இப்படி இருக்கறப்போ காசு கொடுத்து வாங்கப் போற வாடிக்கையாளர் யாருங்கற கேள்விக்கு பதில் இல்லாம எந்த பிசினஸும் நிக்காது. பெரிய கம்பெனிங்க கைல நஷ்டத்தை தாங்கற அளவுக்கு பணம் இருக்கு, இலவசமா கொடுத்து ஜனங்களை பழக்கி அப்புறம் காசு வாங்கலாம்னு காத்திருப்பாங்க. அந்த காத்திருப்பு நம்ம ஆளுங்க பணத்துக்கு தாங்காது.

இது கற்பனை இல்லங்க, நடந்திருக்கு. ஜாஸ்பர்னு ஒரு அமெரிக்க கம்பெனி, விளம்பர வாசகம் எழுதி தர்ற ஏஐ, 2022 அக்டோபர்ல 150 கோடி டாலர் மதிப்புன்னு சொல்லி நிதி திரட்டுச்சு, அடுத்த மாசம் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளிய வந்துச்சு, 2023-ல அந்த கம்பெனி ஆளைக் குறைச்சு தன்னோட மதிப்பையும் தானே குறைச்சுக்கிச்சு. பில்டர்.ஏஐ இன்னும் மோசம், மைக்ரோசாஃப்ட்டும் கத்தார் அரசு நிதியமும் பணம் போட்ட கம்பெனி, 100 கோடி டாலருக்கு மேல மதிப்புன்னு பேசினாங்க, 2025 மே மாசம் திவால், முன்னாடி சொன்ன விற்பனை நிஜத்துல இருந்ததை விட ரொம்ப அதிகம்னு அப்புறம்தான் வெளிய வந்துச்சு. நேட்னு ஷாப்பிங் ஆப் ஒண்ணு, ஏஐ தானா வாங்கித் தருதுன்னு சொல்லி 4 கோடி டாலருக்கு மேல வாங்கியிருக்காங்க, ஆனா பிலிப்பைன்ஸ்ல ஆளுங்க உக்காந்து கையால ஆர்டர் போட்டுட்டு இருந்தாங்கன்னு அமெரிக்க அரசு 2025 ஏப்ரல்ல அதோட நிறுவனர் மேல கேஸ் போட்டிருக்கு. பெரிய பெரிய முதலீட்டு கம்பெனிங்க, ஆடிட்டரும் வக்கீலும் வச்சிருக்கவங்களே இதுல பணம் போட்டிருக்காங்க. மண்டபத்துல சாப்பாடு போட்டு கூப்பிடறப்போ நம்ம ஜனங்க எதை வச்சு சரி பார்ப்பாங்க?

இங்கதான் ஆசிரியர் சார் உங்க தலைப்பு வேலை செய்யுது. நிதி திரட்டியதுன்னா என்ன? பங்கை வித்து பணம் வாங்கியிருக்காங்க, அவ்வளவுதான். அது சம்பாத்தியம் இல்ல. ஆனா ஊர்ல படிக்கறவங்க அதை அந்த கம்பெனி அவ்வளவு கோடி சம்பாதிச்சிடுச்சுன்னுதான் எடுத்துக்கறாங்க, என் கிட்டயே பல பேர் அப்படித்தான் பேசியிருக்காங்க. மதிப்புன்னு போடறதும் அப்படித்தான், கடைசியா வந்தவர் ஒரு சின்ன பங்குக்கு கொடுத்த விலைய வச்சு மொத்த கம்பெனிக்கும் பெருக்கி சொல்ற கணக்கு அது. பைஜூஸ்ங்கற ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்கு 2022-ல 2,200 கோடி டாலர் மதிப்புன்னு எல்லா பேப்பர்லயும் வந்துச்சு, 2024-ல திவால் கோர்ட்டுக்கு போயிடுச்சு.

இன்னொரு விஷயம், இதை பேப்பர்ல யாருமே விளக்கி நான் பார்த்ததில்ல. பெரிய முதலீட்டாளருங்க வாங்கறது முன்னுரிமைப் பங்கு. கம்பெனிய வித்தாலோ மூடினாலோ கடன்காரங்களுக்கு கொடுத்தது போக மிச்சத்துல முதல்ல அவங்க போட்ட பணம் அவங்களுக்கு திரும்பப் போகும்னு ஒப்பந்தத்துலயே எழுதிக்குவாங்க. சாதாரணப் பங்கு வச்சிருக்கவருக்கு கடைசிலதான். உதாரணத்துக்கு ஒரு கம்பெனில பெரிய ஆளுங்க 50 கோடி போட்டிருக்காங்க, அது கடைசில 40 கோடிக்கு விலை போகுதுன்னு வைங்க, அந்த 40-ம் அவங்களுக்கே, மண்டபத்துல 2 லட்சம் கொடுத்தவருக்கு பைசா கிடையாது, அந்தப் பிரிப்பை எதிர்த்து கோர்ட்டுக்கு போனாலும் நிக்கறது கஷ்டம், ஒப்பந்தப்படி அது சரிதான். எந்த வகை பங்கு தர்றீங்கன்னு அந்த கூட்டத்துல ஒருத்தரும் கேக்கல, கேக்கணும்னே தெரியாது, யாரும் சொல்லிக் கொடுக்கலையே.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஊரைக் கூட்டி பங்கு விக்கவே கூடாது. 2013 கம்பெனி சட்டம் 42-வது பிரிவுலயும் அதோட விதிகள்லயும் தெளிவா இருக்கு, ஒரு நிதியாண்டுல 200 பேருக்கு மேல ஆஃபர் கொடுக்கக் கூடாது, அதுவும் பேர் குறிப்பிட்டு ஆஃபர் லெட்டர் கொடுக்கணும், விளம்பரம் கூடாது, ஏஜென்ட் வச்சு புடிக்கக் கூடாது, பணம் நம்ம பேங்க் அக்கவுன்ட்ல இருந்துதான் போகணும், ரொக்கமா வாங்கவே கூடாது, 60 நாள்ல பங்கு ஒதுக்கணும், இல்லைன்னா அடுத்த 15 நாள்ல திருப்பித் தரணும், தராட்டி 12 சதவீதம் வட்டி. அந்த மண்டபத்துல ரசீது புக்கை பார்த்தப்பவே எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பங்குச் சந்தைய கண்காணிக்கற செபில பதிவு பண்ண நிதியம் வழியா ஸ்டார்ட்அப்ல போடணும்னா, ஏஐஎஃப்னு சொல்ற மாற்று முதலீட்டு நிதியத்துல பொதுவா குறைஞ்சது 1 கோடி வேணும். பணம் போனாலும் தாங்கற ஆளுங்கதான் வரணும்னு யோசிச்சு வச்ச அளவு அது. ஊரைக் கூட்டி 2 லட்சத்துக்கு யாராவது கதவைத் தொறந்து விடறாங்கன்னா அந்தக் கதவு சட்டத்துல இல்லாத கதவு. மேற்கு மாவட்டங்கள்ல ஈமு கோழி வளர்ப்பு பேர்ல நடந்த மோசடில 2012-ல எத்தனை குடும்பம் தெருவுல நின்னுச்சுன்னு நம்ம பேப்பர்தான் எழுதுச்சு, 1997 டெபாசிட்தாரர் பாதுகாப்பு சட்டத்துல கேஸ் போட்டு பணம் திரும்பி வர எத்தனை வருஷம் இழுத்துச்சுன்னும் எழுதுச்சு. இந்த தடவை முன்னாடியே எழுதலாமே.

எல்லா ஸ்டார்ட்அப்பும் மோசம்னு நான் சொல்லல. ஐபிஓ வழியா வந்தா குறைஞ்சபட்சம் கணக்கு வெளிய இருக்கு. நம்ம போச்சம்பள்ளில ஃபேக்டரி வச்சிருக்கற ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்ட்ல 76 ரூபாய்க்கு பங்கு வெளியிட்டப்போ, அதுக்கு முந்தின நிதியாண்டுல 1,584 கோடி நஷ்டம்னு அவங்களே அச்சடிச்சு கொடுத்தாங்க. வாங்கினவங்க அதை படிக்கற வாய்ப்பு இருந்துச்சு. பங்கு ரெண்டு வாரத்துக்குள்ள 150-ஐத் தாண்டி, சில மாசத்துலயே வெளியீட்டு விலைக்கு கீழ வந்துச்சு, லாபமும் நஷ்டமும் தெரிஞ்சு எடுத்த ரிஸ்க், சந்தைல விக்கவும் முடியும். மண்டபத்துல வாங்கற பங்கை யாரு கிட்ட விக்கறது? ஐபிஓ வரும்னு சொல்றாங்களே ஒழிய வரலைன்னா என்னன்னு சொல்றதில்ல.

நல்லது ஒண்ணையும் சொல்றேன், ஏன்னா ஏஐன்னாலே பயந்து ஒதுங்கிட்டா அதுவும் நமக்குத்தான் நஷ்டம். நான் கணக்கு பார்க்கற ஒரு கூழ் ஃபேக்டரில போன சீசன்ல பழம் கழுவி மேல ஏறுற பெல்ட்டுக்கு மேல ஒரு கேமரா மாட்டியிருக்காங்க, ஓசூர் பக்கம் இன்ஜினியரிங் முடிச்ச பசங்க செஞ்சது. அழுகல் பழம் ஒண்ணு உள்ள போனா கூழ்ல பூஞ்சை அளவு ஏறும், லேப்ல அது அதிகமா காட்டினா வெளிநாட்டு பார்ட்டி மொத்த லாட்டையும் தள்ளிடுவான், அதனால பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் அக்காங்க நின்னு கண்ணால பார்த்து பொறுக்குவாங்க, ராத்திரி ஷிஃப்ட்ல அசதில தவறும். இப்ப அழுகல் வந்தா கேமரா பக்கத்துல லைட் எரியுது, அவங்க எடுத்துடறாங்க, யாரையும் வேலைய விட்டு எடுக்கல. கம்ப்யூட்டர் பெட்டி பெல்ட் பக்கத்துலயே இருக்கு, படம் நெட்ல எங்கயும் போறதில்ல, அதனால ஒவ்வொரு பழத்துக்கும் அமெரிக்காவுக்கு காசு கட்டற வேலையும் இல்ல. கேமராவுக்கு ஒரு விலை, வருஷ மெயின்டனன்ஸ்க்கு ஒரு விலை, பில் போட்டு ஜிஎஸ்டியோட வாங்கறாங்க, அந்த பில்லை நான்தான் என்ட்ரி போட்டேன். யாரு காசு கொடுக்கறாங்க, எதுக்கு கொடுக்கறாங்க, பசங்களுக்கு என்ன நிக்குது, மூணும் ஒரு பேப்பர்ல தெரியுது. அந்த பசங்க இதுவரைக்கும் யார் கிட்டயும் பங்கு விக்கல. மாவட்டத்துல பணம் இருக்கறவங்க ஏஐக்கு ஏதாவது செய்யணும்னா இப்படிப்பட்டவங்க பொருளை காசு கொடுத்து வாங்குங்க, ஆர்டர் கொடுங்க, அதை விட பெரிய உதவி இல்ல. ஆரம்பப் பணம் வேணும்னா தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு நடத்தற டான்சீட் திட்டத்துல பொதுவா 10 லட்சம் வரைக்கும் தர்றாங்க, அதை பத்தி நம்ம மாவட்டப் பக்கத்துல விவரமா ஒரு தடவை போட்டா எத்தனையோ பசங்களுக்கு பிரயோஜனம்.

அதனால ஆசிரியர் அவர்களே, நான் கேக்கறது பெரிய காரியம் இல்ல. எந்த கம்பெனி நிதி திரட்டிச்சுன்னு செய்தி போட்டாலும் பக்கத்துலயே கடைசியா தாக்கல் பண்ண வருஷத்தோட விற்பனை, லாபமோ நஷ்டமோ, பெரிய வாடிக்கையாளர் யாரு, ஏஐ சொந்தமா வாடகையா, இந்த நாலையும் ஒரு சின்ன கட்டம் போட்டு போடுங்க. கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ சைட்ல 100 ரூபாய் கட்டினா கம்பெனி தாக்கல் பண்ண பேலன்ஸ் ஷீட் பார்க்கலாம், உங்க நிருபருக்கு அரை மணி நேர வேலை. கணக்கு தர மாட்டேன்னு கம்பெனி சொன்னா, கேட்டோம் தரலன்னே போடுங்க. மண்டபக் கூட்டம் விளம்பரம் வந்தா வாங்காதீங்க, அதுல வர்ற காசு உங்களுக்கு பெருசா இருக்காது. பணம் கொடுத்துட்டு முழிக்கறவங்க பொருளாதார குற்றப்பிரிவு போலீஸ்ல புகார் கொடுக்கலாம்னும் ஒரு வரி சேர்த்துக்குங்க, பல பேருக்கு அது எங்க இருக்குன்னே தெரியல.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பதிப்புல இருந்தே இதை ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கறேன். ஜூலை கடைசில மாங்கா சீசன் முடிஞ்சு ஃபேக்டரிங்க விவசாயிங்களுக்கு பாக்கி செட்டில் பண்ண ஆரம்பிக்கும், மண்டபக்காரங்களும் அந்த நேரம் பார்த்துத்தான் வருவாங்க, அதுக்கு முன்னாடி நான் சொன்ன அந்தக் கணக்குக் கட்டம் பேப்பர்ல வந்துடணும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்